மருமக்கள்வழி மான்மியத்தை எப்படி ரசிப்பது?

நாஞ்சில்நாட்டு வேளாளரின் சொத்துரிமை முறையை நார்நாராகக் கிழித்த அங்கத நூல், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'மருமக்கள்வழி மான்மியம்'. 1917-18இல் 'தமிழன்' இதழில் வந்து, 1942இல் நூலாயிற்று. அகவல் நடை. கதை சொல்பவள் ஒரு காரணவருக்கு, அதாவது குடும்பத்தை ஆளும் மூத்த ஆணுக்கு, ஐந்தாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள். முன்கதை இவ்வளவே, இதற்கு மேல் உரை தேடுவது வீண்.

தலைப்பைப் பார்த்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், ஏதோ மாமியார்-மருமகள் சண்டை என்று. இங்கே மருமக்கள் என்பது உடன்பிறந்தாளின் பிள்ளைகள். உடன்பிறந்தாள் மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். முறைப்பெண்ணைக் கட்டும் ஊரில் இருவரும் ஒரே ஆளாகவே இருக்கலாம். ஆனால் அன்று சொத்து என்று வரும்போது முதலாமவன் வாரிசு, இரண்டாமவன் வெறும் மாப்பிள்ளை. பெற்ற பிள்ளைகள் தங்கள் தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தை, சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் மனைவிக்கும் 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு, அவ்வளவுதான். வீடு நிறையப் பிள்ளை இருந்தும் ஒருவர் சந்ததியற்றவர் ஆகலாம், சகோதரிக்குப் பிள்ளை இல்லையென்றால். இதே வழியைப் பின்பற்றிய திருவிதாங்கூர் அரச குடும்பம் 1900இல், வம்சம் தொடர, இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்ததும் இந்தக் கணக்கில்தான். இது பிடிபடாமல் நூலைப் படிப்பவருக்குச் சிரிப்பு வராது, அழுகையும் வராது.

பிடிபட்டால், நூலில் வரும் 'குலமுறை கிளத்து படலம்' என்ற பெயரே போதும். கம்பனில் அது ராமனின் குலப் பெருமையை விசுவாமித்திரர் ஜனகனுக்கு எடுத்துரைக்கும் படலம். தந்தை, மகன் என்று இறங்கும் வரிசை. அதே பெயரின் கீழ் இங்கே வாய் திறப்பவள், தன் பிள்ளைகளுக்குக் கணவன் குலத்தில் இடமில்லாத ஒருத்தி. கேலி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'சீர்திருத்த நூல்' என்று முத்திரை குத்தி, இந்த முறையை மாற்றிய 1926இன் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தோடு முடிச்சுப் போட்டு மூடிவைப்பது ஆய்வாளர்களின் சோம்பல். தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று மேடையில் உருகுவது அதைவிட மேலோட்டம். சொத்து பெண்வழி இறங்கியது, உண்மை. சாவிக்கொத்து காரணவர் மடியில் இருந்தது. கவிமணி என்றால் குழந்தைப் பாட்டும் 'ஆசிய ஜோதி'யும் மட்டுமே என்றிருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

காதோடு ஒன்று: முதல் படலத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. 'கோடேறிக் குடிமுடித்த படல'த்தில் தொடங்கலாம். கோடு என்றால் நீதிமன்றம். வழக்காடியே குடும்பம் ஓட்டாண்டியாகும் கதை. வாய்விட்டுப் படிப்பது உத்தமம்; நாஞ்சில்நாட்டுக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் உத்தமம்.