கப்பலூர் சாவடியும் போடி ரயிலும்

மதுரைக்குத் தெற்கே கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை. கொஞ்சம் தள்ளித் திருமங்கலம். நடுவில் சுங்கச்சாவடி. பேட்டையில் சரக்கு ஏற்றிய குட்டியானை வண்டி பக்கத்து ஊருக்குப் போவதற்கும் நான்குவழிச் சாலைக் கட்டணம் கட்ட வேண்டும். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி கூடாது என்கின்றன 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகள். காரணத்தை எழுதிவைத்தால் 5 கிலோமீட்டர் வரை நெருங்கலாம் என்று அவையே சந்தும் விடுகின்றன. திருமங்கலத்துக்காரர்களின் போராட்டம் பல வருடக் கதை. 2024 ஜூலையில் உள்ளூர் வண்டிகளுக்கும் பாதிக் கட்டணம் என்றதும் ஊரே கடையடைத்தது.

சாலையோ ரயிலோ வந்தால் தொழில் வரும் என்பது பொய்யல்ல. மதுரையே அதற்குச் சாட்சி. 1875-இல் திருச்சியிலிருந்து ரயில் இங்கே வந்தது. 1876 பிறந்ததும் தூத்துக்குடியைத் தொட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஸ்டேஷனை ஒட்டியே ஹார்வி மில் எழுந்தது. கரிசல் காட்டுப் பருத்தி ஒரு பக்கம், துறைமுகம் மறுபக்கம், நடுவில் நூற்கும் கதிர்கள். விளையும் இடம், பண்டமாகும் இடம், கப்பலேறும் இடம் மூன்றையும் ஒரே தண்டவாளம் கோத்தது. மதுரையின் மேல் பாசம் பொங்கி யாரும் அந்தப் பாதையைப் போடவில்லை. ஆனாலும் சரக்கு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்ற கணக்கு அதில் இருந்தது.

இன்றைய நான்குவழிச் சாலையின் கணக்கு வேறு. எத்தனை வண்டிகள் கடக்கும், எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்பதே அதன் அடிப்படை. நத்தம் சாலையில் 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் சென்னை போகிறவருக்குப் பெரிய வரம். பாலத்துக்கு அடியில் கடை வைத்திருப்பவர் அந்த வேகத்தைத் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

மல்லிகையைப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே தெரியும். மொட்டாகப் பறித்த பூ, மலர்வதற்குள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்துவிட வேண்டும். இருட்டோடு பறிக்கத் தொடங்கினால்தான் காலைச் சந்தைக்கு மூட்டை வரும். நல்ல சாலை வந்தபின் தொலைவிலுள்ள ஊர்ப் பூவும் நேரத்துக்கு வருகிறது. வெளியூருக்கும் விமானத்துக்கும் போகிறது. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பூ கொட்டும் மாதத்தில் எல்லா ஊர் மூட்டையும் ஒரே காலையில் வந்து இறங்க, விலை விழுகிறது. பறிகூலியும் கமிஷனும் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களைத் தொடும் அதே பூ! குளிர்கிடங்கும் வாசனைத் திரவிய ஆலையும் போதிய அளவு பக்கத்தில் இல்லாதவரை, வேகமான சாலை நஷ்டத்தையும் வேகமாகவே கொண்டுவந்து சேர்க்கும்.

போடி ரயில் இதைவிடச் சிக்கலானது. மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் வந்த பாதை. உலகப்போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நின்ற வண்டி, தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்பியது. ஒரு மாமாங்கம்! அதற்குள் வியாபாரம் லாரிக்குப் பழகிவிட்டது. இடுக்கி மலையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும் ஏலக்காய்க்கு இதனால் பெரிய அடியில்லை என்றே சொல்ல வேண்டும். எடை குறைவு, விலை அதிகம், லாரி வாடகை அதில் கரைந்துபோகும். அடி விழுந்தது கனத்த, விலை மலிந்த சரக்குக்கும், உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் மலிவான டிக்கெட்டை நம்பி மதுரைக்கு வந்துபோன கூலியாட்களுக்கும்.

பாதை தாமதமானதைவிட, திரும்பி வந்தபின்னும் ஆட்களை ஏற்றுவதையே முதன்மையாகக் கொண்டிருப்பது பெரிய குறை. வாரம் மூன்று நாள் சென்னைக்கு ஒரு வண்டி போடியிலிருந்து கிளம்புகிறது. அதில் பார்சல் இடத்தைத் தேனி மாவட்ட வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டுப் பார்க்கலாம். புதுத் தண்டவாளம் தேவையில்லை. கப்பலூரில் தொழிற்பேட்டைச் சரக்கு வண்டிக்குக் கட்டணமில்லா வழி விடுவதற்கும் புதுச் சாலை தேவையில்லை. இரண்டுக்கும் ஓர் உத்தரவு போதும். ரிப்பன் வெட்ட மேடை கிடைக்காது என்பதுதான் இடிக்கிறது.