புளூஸ் ஸ்கேலும் வளையும் காந்தாரமும்

கர்நாடக இசை கொஞ்சம் படித்த பிள்ளைக்குப் புளூஸ் ஸ்கேலின் ஐந்து சுரங்கள் ஏற்கெனவே பழக்கம். சுத்த தன்யாசியின் ச, க, ம, ப, நி தான் அவை. முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’ பாடியவர்களுக்கு அவை தொண்டையிலேயே இருக்கும். சுத்த மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்திமத்தையும் சேர்த்தால் ஆறு சுரமும் வந்துவிடும். கிற்றாரில் ஏ சுருதிக்கு ஏ, சி, டி, ஈ பிளாட், ஈ, ஜி. ஐந்தாம் பிரெட்டில் கைவைத்தால் எட்டாம் பிரெட்டுக்குள் எல்லாம் அடங்கும்.

அலவத்துகொடையில் கைபேசி பார்த்துப் பழகும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஏறி இறங்கி வேகமாக வாசிக்கிறார்கள். புளூஸ் மட்டும் வருவதில்லை. குறை அவர்களிடம் இல்லை. காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்த வரைபடமும் காட்டாது.

ஏ சுருதியில் புளூஸின் பன்னிரண்டு பார் கொண்ட சுற்றின் முதல் கோர்ட் ஏ செவன். அதற்குள் இருப்பது அந்தர காந்தாரமான சி ஷார்ப். மேலே கிற்றார் பாடுவதோ சாதாரண காந்தாரமான சி. இரண்டும் உரசும். சி-யைச் சற்றே மேலே இழுத்து, சி ஷார்ப்பைத் தொடுமுன் நிறுத்துவதில்தான் இந்த மரபின் உயிர் இருக்கிறது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. பிரதி மத்திமம் வேறு வகை: தொட்டுக் கடக்கலாம், அங்கே குடியிருக்கக் கூடாது. ஹமீர்கல்யாணியில் இரண்டு மத்திமமும் வருவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

மிசிசிப்பி டெல்ட்டாவின் சன் ஹவுஸும் ரொபர்ட் ஜோன்சனும் தந்தி மேல் ஸ்லைட் வைத்து பிரெட்டுகளைத் தாண்டி வழுக்கினார்கள். காந்தாரம் தானாகவே நடுவில் வந்து நின்றது. ஜோன்சன் 1936, 1937 ஆம் ஆண்டுகளில் பதிவுசெய்த 29 பாடல்களே இன்றும் அந்தப் பள்ளியின் பாடநூல். கிழக்குக் கரையின் பீட்மொண்ட் பாணியில் பெருவிரல் பாஸைத் தாங்க, மற்ற விரல்கள் துள்ளும். அங்கே ஸ்கேலைவிடக் கோர்ட்டே முன்நிற்கும். டெக்சாஸின் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் ஒரு வரி பாடிவிட்டுத் தனித்தந்தியில் பதில் சொன்னார். மடி வோட்டர்ஸ் 1943 இல் சிக்காகோ போனார். விடுதிச் சத்தத்தை மீற மின்கிற்றார் வேண்டியிருந்தது. சுரம் நீண்டு நின்றதால், வளைத்த காந்தாரத்தைப் பிடித்துவைக்கவும் நேரம் கிடைத்தது.

எனக்கு எல்லாரிலும் பெரியவர் பி. பி. கிங். உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைட் ஒலியை வெறும் விரல் நடுக்கத்தால் எட்ட முயன்று, தனக்கென்று ஒரு குரலையே உண்டாக்கிக்கொண்டார். அவர் பாடும்போது கிற்றார் பேசாது. கிற்றார் பேசும்போது அவர் பாடமாட்டார். எங்கள் மேடைகளில் வாசிப்பை மதிப்பிடுகிறவர்கள் வேகத்தைவிட இந்த ஒழுங்கையே முதலில் பார்க்க வேண்டும்.

நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசையும் பைலாவும்தான் இலங்கையில் நமக்குக் கிற்றாரைப் பழக்கின. பெரும்பாலும் மேஜர் ஸ்கேலில் வளர்ந்த நம் காதுக்குப் புளூஸ் காந்தாரம் முதலில் சுருதி பிசகியதுபோலவே இருக்கும். ஆனால் பைலாவின் ஆறெட்டுத் தாளம் பழகிய வலக்கைக்கு, மும்மூன்றாய் நடக்கும் மெதுவான புளூஸின் நடை சீக்கிரம் பிடிபடும். மலையகத்து ஒப்பாரியில் குரல் சறுக்கி இறங்குவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வளைவும் அந்நியமல்ல. ஆனாலும் ஒப்பாரியும் புளூஸும் ஒன்றென்று சொல்வது இரண்டுக்கும் அநீதி.

தமிழ்நாட்டின் கிற்றார் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006 இல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ வெளியிட்டார். கமகம் படித்த விரலுக்குப் புளூஸ் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதை அறிய அதைக் கேட்கலாம். பழகுகிறவர்கள் சுருதிப்பெட்டியை ஏ-யில் வைத்து, மூன்றாம் தந்தியின் ஐந்தாம் பிரெட்டில் உள்ள சி-யை முதலில் வாயால் பாடட்டும். பாடிய உயரத்துக்கு விரல் இழுக்கப் பழகிய பிறகு மற்ற ஐந்து சுரங்களுக்குப் போகலாம்.