ரூ.5,900-க்கு ஒரு விமரிசனம்

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த சார் முடிச்சூரில் இருக்கிறார். ரிட்டயராகிப் பல வருஷம் ஆச்சு. போன வாரம் போன் பண்ணினார்.

"நாவல், சினிமா எல்லாத்தையும் கிழிகிழின்னு கிழிக்கறே. எங்கிட்ட ரெண்டு பேப்பர் இருக்கு. எது நல்லதுன்னு படிச்சு சொல்லுப்பா."

போனேன். இரண்டும் வீட்டு இன்ஷூரன்ஸ் கொட்டேஷன்கள். வீட்டுக்கும் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் சேர்த்து, ஒரு வருஷத்துக்கு. ஒரு ஏஜெண்ட் ரூ.5,900 கேட்டிருந்தார். இன்னொருவர் ரூ.1,062. அதே வீடு, அதே திட்டம்.

"முதல் ஆள் கொள்ளை அடிக்கறானா, ரெண்டாவது ஆள் காதுல பூ சுத்தறானா?" என்றார் சார்.

அவர் கவலை நியாயமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டு ஹாலில் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் மிதந்ததை அவரே பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பாலிசி எதுவும் கிடையாது. சுவர், வயரிங், மோட்டார், பீரோ என்று சரி பண்ணியதில் பென்ஷன் சேமிப்பு காலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வாசல்படி வரை வந்து யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. அதற்கப்புறம்தான் ஏஜெண்டுகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

படிக்க ஆரம்பித்தேன்.

கொட்டேஷன் என்பது வினோதமான எழுத்து வகை. பிரீமியம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். நாமும் கிளைமாக்ஸை மட்டும் படித்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசுகிற மாதிரி பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஜாஸ்தி", "கம்மி" என்கிறோம்.

பொடி எழுத்தைப் பார்த்தேன். முதல் ஏஜெண்ட் வீட்டுக்கு 90 லட்சம், சாமான்களுக்கு 10 லட்சம், ஆக ஒரு கோடி போட்டிருந்தார். பிரீமியம் 5,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900. இரண்டாமவர் வீட்டுக்கு 15 லட்சம், சாமான்களுக்கு 3 லட்சம். பிரீமியம் 900, வரியோடு 1,062.

சார் பேப்பரும் பேனாவும் எடுத்தார். கணக்கு வாத்தியார் அல்லவா? அரை நிமிஷம்தான். "அடப்பாவி! ரெண்டு பேரும் ஆயிரத்துக்கு அம்பது பைசாதான் கேக்கறாங்க!"

அதேதான். ரேட் ஒன்று. காப்பீட்டுத் தொகைதான் வேறு. இரண்டுமே தப்பு.

90 லட்சம் எங்கிருந்து வந்தது? மனையோடு சேர்த்து வீட்டை விற்றால் கிடைக்கும் விலையாம். ஆனால் எந்த வெள்ளமும் மனையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. வீடே இடிந்தாலும் நிலம் அங்கேதான் இருக்கும். கம்பெனி கொடுக்கப் போவது திரும்பக் கட்டுகிற செலவை மட்டும். ஆக, ஒருநாளும் திரும்பி வராத தொகைக்கு வருஷா வருஷம் பிரீமியம்.

15 லட்சம் எங்கிருந்து வந்தது? 2009-ல் சார் வீடு கட்டியபோது ஆன செலவு. அன்றைய சிமெண்டும் கம்பியும் இன்றைக்கு அந்த விலைக்கு யார் தருவார்கள்?

சரியான கணக்கு நடுவில் இருக்கிறது. கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். சார் வீடு 1,000 சதுர அடி. அவருக்குத் தெரிந்த மேஸ்திரி சதுர அடிக்கு 2,500 சொன்னார். 25 லட்சம் ஆச்சு. காம்பவுண்டு சுவர், சம்ப், போர்ட்டிகோவுக்கு 3 லட்சம் சேர்த்தால் 28 லட்சம். சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், 5 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 33 லட்சத்து 60 ஆயிரம். அதே ஐம்பது பைசா ரேட்டில் பிரீமியம் 1,680. வரியோடு 1,982.

அப்பார்ட்மெண்ட்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். நீங்கள் கொடுத்த விலையில் பெரும்பங்கு உங்கள் பங்கு நிலத்துக்கும் ஏரியா மவுசுக்கும் போனது. அதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் தேவையில்லை.

அந்த 20 சதவீதம் நான் கண்டுபிடித்ததல்ல. இரண்டு ஏஜெண்டுகளும் கொடுத்திருந்தது 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் விற்றாக வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த பொதுத் திட்டம். வீட்டை இன்ஷூர் செய்தால் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலேயே கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் கொடுக்கலாம்.

இந்த பாலிசியின் மூலப் பிரதியையும் உட்கார்ந்து படித்தேன். விமரிசகன் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்து மோசமில்லை. பழைய பாலிசிகளின் வக்கீல் ஆங்கிலம் குறைந்து 'நீங்கள்', 'நாங்கள்' என்று நம்மைப் பார்த்துப் பேசுகிறது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், தீ எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. தொகையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டாலும், அந்த விகிதத்தில் கிளெய்மை வெட்டுகிற பழைய வழக்கம் இதில் இல்லை. போட்ட தொகை வரை கொடுப்பார்கள். ஆனால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் வராது. 15 லட்சத்துக்கு எடுத்த வீடு முழுசாகப் போனால் மிச்சத்துக்கு சார் யாரிடம் போய் நிற்பார்?

இவ்வளவு பாராட்டிவிட்டேன். இனி குறை.

"பொண்ணு பெங்களூர்ல இருக்கா. வருஷத்துல மூணு மாசம் அங்க போயிடுவோம். வீடு பூட்டிக் கிடக்கும். திருட்டு பயம்தான் எனக்கு பெருசு. இதுல திருட்டும் வருதுன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க" என்றார் சார்.

வருகிறதுதான். எப்படி வருகிறது என்று பாருங்கள். தீ, வெள்ளம் மாதிரி பாலிசியில் சொன்ன ஏதாவது ஒரு விபத்து நடந்து, அதிலிருந்து ஏழு நாட்களுக்குள் திருட்டுப் போனால்தான் பணம். சாதாரண நாளில் பூட்டை உடைத்து வருகிற திருடனுக்கும் இந்த பாலிசிக்கும் சம்பந்தமே கிடையாது.

அதைக் கேட்டு சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து அம்மா, "அப்போ வெள்ளத்தோட வர்ற திருடனுக்குத்தான் காசா?" என்றார்கள். இந்த ஷரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமரிசனம் எழுத எனக்கு வராது.

'திருட்டு' என்று போட்டுவிட்டு நிபந்தனையைப் பட்டியலின் உள்ளே வைத்ததுதான் இந்தப் பிரதியின் பெரிய பலவீனம். ஏஜெண்டுகள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். திருட்டுக்குத் தனியாக 'பர்க்ளரி' பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் பூட்டையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்த அடையாளத்தைப் பொதுவாகக் கேட்பார்கள். திறந்த கதவு வழியாக வந்து செல்போனை எடுத்துப் போனவனைப் பற்றிச் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். நகைகளும் சாதாரண சாமான் கணக்கில் வராது. அதற்கு விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் தனிப் பிரிவு இருக்கிறது. வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் சாமான் இல்லை, அதற்கு வண்டி இன்ஷூரன்ஸ்.

சரி, ஐம்பது பைசா ரேட் நியாயமா? 2007-க்கு முன்னால் தீ இன்ஷூரன்ஸ் ரேட்டுகளை ஒரு கமிட்டி நிர்ணயித்தது. அந்த வருஷம் ஜனவரியிலிருந்து கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அதனால் 'நியாய விலை' என்று எங்கும் போர்டு மாட்டியிருக்காது. ஒரே ஏரியா, ஒரே கட்டுமானச் செலவு, ஒரே சாமான் தொகை என்று நீங்களே எழுதி மூன்று கம்பெனிகளிடம் கொடுங்கள். அப்போது வருகிற மூன்று பிரீமியங்களை மட்டும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மற்றதெல்லாம் கத்தரிக்காய் விலையைத் தேங்காய் விலையோடு ஒப்பிடுகிற கதை.

வீட்டு லோன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லோன் பேப்பர்களோடு ஒரு இன்ஷூரன்ஸ் பேப்பரும் கலந்து வரும். கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அது வீட்டுக்கா, உங்கள் உயிருக்கா என்று முதலில் பாருங்கள். பல வருஷ பிரீமியத்தை மொத்தமாக லோனில் சேர்த்துவிட்டால், லோன் முடிகிறவரை அதற்கும் வட்டி கட்டுவீர்கள். வீட்டை இன்ஷூர் செய்யச் சொல்ல பாங்க்குக்கு உரிமை உண்டு. இந்தக் கம்பெனியிடம்தான் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

கிளம்பும்போது பார்த்தேன். சார் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு கொட்டேஷன்களையும் திருத்திக்கொண்டிருந்தார். முதல் பேப்பரில் 90 லட்சத்தைச் சுழித்து, ஓரத்தில் 'மனை வேண்டாம்' என்று எழுதினார். இரண்டாவதில் 15 லட்சத்தைச் சுழித்து '2009 விலை' என்று எழுதினார். இரண்டிலும் திருட்டு வரியின் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி.

"எத்தனை மார்க் சார்?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் கணக்கு கரெக்ட். கேள்வியையே தப்பா எழுதிக்கிட்டாங்க. மார்க் கிடையாது. திருத்திக் கொண்டாங்கன்னு திருப்பி அனுப்பப் போறேன்" என்றார்.

பத்தாம் வகுப்பில் எனக்கும் அதேதான் செய்தார்.