குறைபொருளும் நிறைகலையும்: 'லா ஜெத்தே'யை முன்வைத்து

பேரழிவுக்குப் பிந்திய உலகைச் சித்திரிக்கும் அறிவியல் புனைவுப் படங்களுள், சிறுசெலவில் உருவானவை இன்றும் ஈர்ப்பது ஏன்? பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) இவ்வினாவுக்குத் தக்க விடை தருகிறது. மூன்றாம் உலகப் போரில் அழிந்த பாரிஸ். நிலவறைகளில் வாழும் எஞ்சிய மாந்தர். சிறுவயதில் கண்ட ஒரு பெண்முகத்தின் நினைவைப் பற்றிக்கொண்டு காலத்தைக் கடக்கும் கைதி. ஏறத்தாழ 28 நிமிடம் ஓடும் இப்படம் நிழற்படங்களின் தொடராலும் கதைசொல்லியின் குரலாலும் ஆனது. துயிலும் அப்பெண் விழி திறக்கும் சில நொடிகளில் மட்டுமே காட்சி அசைகிறது. பிற படங்களில் எவர் கண்ணிலும் படாத இமையசைவு, இங்கு இழந்த உலகமே உயிர்த்தெழுந்தாற்போல் நம்மை உலுக்குகிறது.

இக்கதையை அடியொற்றி டெரி கில்லியம் இயக்கிய 'டுவெல்வ் மங்கீஸ்' (1995) பன்மடங்கு செலவில் அழிவுலகை விரிவாகக் கட்டியெழுப்பியது. அது சிறந்த படமே. எனினும் அங்கு அழிவைக் காண்கிறோம், இங்கு இழப்பை உணர்கிறோம். அனைத்தையும் இழந்த உலகுக்குக் குறைந்த கருவிகளே இயைந்த மொழியாகின்றன. காட்டப்படாதவற்றைப் பார்வையாளர் தம் அச்சத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். செலவுக்குறைவு தன்னளவில் தகுதியாகாது. அக்குறையே படைப்பின் வடிவமாகும்போதுதான் அது கலையாகிறது. திறனாய்வாளர் அளக்க வேண்டியது இவ்வியைபையே எனலாம்.