துருவன் இல்லாத திசை

வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. தொலைநோக்கி மவுண்டின் அச்சை அதை நோக்கித் திருப்பி, கொஞ்சம் திருத்தினால் வேலை முடிந்தது. ஆஸ்திரேலியாவில், வாரம்பங்கிள் மலையடியில் உள்ள கூனபாரபிரான் ஊரில் தெற்கு நோக்கி நின்று பாருங்கள். அடிவானத்திலிருந்து 31 பாகை உயரத்தில் தென்துருவப் புள்ளி. கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை.

உண்மையில் ஒன்று உண்டு. சிக்மா ஆக்டான்டிஸ், ஒளியளவு 5.4. நல்ல இருட்டில், இடம் தெரிந்து பார்த்தால்தான் தட்டுப்படும். பிரேசில் கொடியில் தலைநகர் மாவட்டத்தைக் குறிக்கும் பெருமை இந்த மங்கல் புள்ளிக்குத்தான். ஆனாலும் அது துருவத்திலிருந்து ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகவே விலகியிருக்கிறது. அதையே துருவமென்று நம்பி அச்சை நிறுத்தினால், பார்க்கும் நட்சத்திரம் நிமிடத்துக்கு 15 விகலைக்கு மேல்கூட நழுவும். மூன்றே நிமிடத்தில் வியாழனின் அகலம் அளவுக்கு விலகிவிடும்.

தென்சிலுவையின் நெடுந்தண்டை நாலரை மடங்கு நீட்டினால் திசை தோராயமாகக் கிடைக்கும். திசைகாட்டியை நம்பினால், காந்த வடக்கு இங்கே பத்துப் பாகைக்கு மேல் கிழக்கே விலகி நிற்பதையும் கழிக்க வேண்டும். மவுண்டைச் சுழற்றும் மோட்டாரைத் தென்கோளத்துக்கு மாற்றவும் மறக்கக்கூடாது. தென்துருவத்தைச் சுற்றி வானம் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது.

இதெல்லாம் முன்னேற்பாடு. கலை தொடங்குவது டிரிஃப்ட் முறையில். துருவத்தையே பார்க்காமல் துருவத்தைப் பிடிக்கும் வித்தை அது. உச்சிவட்டத்தருகே, வான நடுக்கோட்டை ஒட்டி ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்து, சிவப்பாக ஒளிரும் குறுக்குக்கம்பியில் நிறுத்துவேன். பிறகு காத்திருப்பு. கிழக்கு மேற்காக ஆடினால் அது பல்சக்கரத்தின் குறை, பொருட்படுத்த வேண்டாம். வடக்கிலோ தெற்கிலோ நழுவுகிறதா என்பதுதான் கேள்வி. நழுவினால், மவுண்டின் பக்கத் திருகை மயிரிழை திருப்பி, மறுபடி மையத்தில் நிறுத்தி, மறுபடி காத்திருப்பேன். நழுவல் கூடினால் திருப்பிய பக்கம் தவறு. அடுத்து, கிழக்கே தாழ்வாக உள்ள இன்னொரு நட்சத்திரம். இப்போது உயரத் திருகு. ஒன்றைத் திருத்தினால் மற்றது லேசாகக் கலையும், ஆகவே மீண்டும் முதலிலிருந்து.

கேமராவும் மென்பொருளும் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடுகின்றன. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தம்புராவின் சுருதியைக் காதால் சேர்ப்பவர் அறிந்த சுகம் எனக்கு இதில்தான் கிடைக்கிறது. அபசுரம் மெல்ல மெல்லக் குறைவதுபோல நழுவலும் குறைந்துகொண்டே வரும்.

ஒரு கட்டத்தில் அது நின்றுவிடும். ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, கம்பியைவிட்டு அசையாது. என் காலடியில் பூமி சுழல்கிறது, மவுண்ட் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழல்கிறது. கேமராவை மாட்ட அவசரப்படாமல் இன்னும் ஐந்து நிமிடம் அந்த அசையாத புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். விடிந்ததும், முக்காலியின் மூன்று கால்களும் ஊன்றியிருந்த இடங்களைத் தரையில் பெயின்டால் குறித்துவைப்பேன்.