சராசரியில் கரையும் ஹாரன்

சென்னையில் இரைச்சல் அதிகமா, பெங்களூரிலா என்பது ஓயாத பட்டிமன்றம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் டெசிபல் அட்டவணையோடு ஒருவர் தி.நகரைக் காட்டுவார், மற்றவர் மாரத்தஹள்ளியைக் காட்டுவார். எண் குறைந்த ஊர்க்காரருக்கு அன்று பெருமை.

இரண்டு ஊருக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்தான்: குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல். 2011இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்பு வலையமைப்பில் ஊருக்குப் பத்து நிலையங்கள். இரவும் பகலும் அளக்கிறார்கள், நல்ல காரியம். பத்து போதுமா என்று கேட்கவில்லை. பெங்களூரின் பத்தில் ஒன்று மாநில வாரியத்தின் தலைமையகமான பரிசர பவன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

என் சண்டை சராசரியோடு. இரவுக்கென்று வெளியாகும் எண், பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலான ஒலி ஆற்றலின் சராசரி. ஒரு கணக்குப் போடுவோம். இரவெல்லாம் 55 டெசிபலில் இரையும் ஒரு தெரு. அங்கே 80 டெசிபலில், மூன்று மூன்று விநாடியாக, பத்து முறை ஹாரன் அலறுகிறது. பத்து முறையும் தொட்டில் குழந்தை வீறிட்டு எழும். அட்டவணையிலோ 55 என்பது 56 ஆகும். அவ்வளவுதான். அந்த ஒரு டெசிபலுக்காக எந்த அதிகாரி கிளம்பி வருவார்?

இத்தனைக்கும் அதே விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசரத்துக்கு அன்றி ஹாரன் அடிக்கவே கூடாது என்கின்றன. சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு ஹாரனும் தனிக் குற்றம். அட்டவணையோ பத்தையும் எட்டு மணி நேரத்தில் கரைத்துவிடுகிறது. வரம்பு மீறல் என்று புகார் கொடுக்கப் போனால், 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டுமாம். பத்து மடங்கு ஒலி ஆற்றல்!

சராசரிதான் உலக வழக்கு என்று வாதிடுகிறார்கள். பாதி உண்மை. உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதலில், படுக்கையறைக்கு வெளியே இரவுச் சராசரி 45. கூடவே, எந்தத் தனி ஒலியும் 60ஐத் தாண்டக் கூடாது என்ற உச்ச வரம்பும் உண்டு. நம் அட்டவணையில் 45 இருக்கிறது, உச்ச வரம்பைக் காணோம். தூக்கத்தைக் கெடுப்பது எது என்று இரவுப் பணி முடித்துப் படுக்கும் யாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

திருவல்லிக்கேணியிலும் தோம்லூரிலும் ஓர் இரவில் ஒலி எத்தனை முறை 60ஐத் தாண்டியது, எந்த மணிகளில் என்று வெளியிடட்டும். போக்குவரத்துக் காவலர் எந்தத் தெருவில் எப்போது நிற்க வேண்டும் என்பதாவது தெரியும்.