வாசலும் விதியும்

வீட்டு வாசல் எத்திசை நோக்க வேண்டும், எப்பக்கம் வீட்டை விரித்துக் கட்டலாகாது என்று விதிக்கும் சீன மனைநூல், பெங் சுயி என்ற பெயரால் இன்று உலகெங்கும் விலைபோகின்றது. இத்தகைய விதிகளுக்குச் சீன மண்ணிலேயே, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னர், மறுப்பு எழுந்தமை மனங்கொள்ளத்தக்கது. கி.பி. 27இல் வறிய குடும்பமொன்றிற் பிறந்த வாங் சோங், தமது 'லுன் ஹெங்' என்னும் நூலில் இவற்றை விசாரணைக்குட்படுத்தினார்.

அக்கால மனைநூலார் குடும்பப் பெயர்களை ஐந்து சுரங்களாகவும், சுரங்களை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பவற்றோடு பொருத்தியும் வகுத்தனர். உலோகத்துக்குரிய பெயரினர் நெருப்புக்குரிய தெற்கு நோக்கி வாசல் வைக்கலாகாது என்றனர். மனிதர் நாள்முழுதும் இருப்பது கூடத்திலாயிருக்க, வாசலுக்கு மட்டும் இவ்விதி ஏன் என வாங் சோங் வினவுகின்றார். அரச அலுவலரின் இல்லங்களையும் சான்று காட்டுகின்றார்: பதவி உயர்ந்தோர் யாவரும் உகந்த வாசலினர் அல்லர், பதவி இழந்தோர் யாவரும் ஆகாத வாசலினரும் அல்லர்.

வீட்டை மேற்கே விரித்தால் மரணம் நேரும் என்ற அச்சத்தையும் அவர் ஆராய்கின்றார். நாற்புறமும் மண் ஒன்றே. மேற்கு மூத்தோர்க்குரிய இடமெனக் கொள்ளப்பட்டமையே இத்தடையின் மூலம் என்கின்றார். விலக்கின் வேரைச் சமுதாய வழக்கிலே தேடிய இம்முறையே அவரது தலையாய சாதனை.

வட சீனத்தில் தெற்கு நோக்கிய வீடு குளிர்கால வெயிலைப் பெறும். பின்னாலுள்ள குன்று வாடையைத் தடுக்கும். உழைக்கும் மக்களின் இவ்வனுபவ அறிவை நாம் இகழோம். அதனை அச்சமாக்கி விற்பதையே கண்டிக்கின்றோம்.

ஆயினும் வாங் சோங்கிடம் பெருங்குறை ஒன்றுண்டு. ஒருவனது உயர்வு தாழ்வுக்கு வாசல் காரணமன்றெனின், வேறெது காரணம்? பிறப்போடு அமைந்த விதி என்பதே அவரது விடை. நிலமும் பதவியும் எவர் கையிற் குவிந்திருந்தன என்ற வினா அவ்விடையில் மறைந்துவிடுகின்றது.

1949இன் பின்னர் சீனாவின் புதிய அரசு மனைநூலை மூடநம்பிக்கையெனக் கண்டித்தது. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி அதனை ஒடுக்கியது. எனினும் அது அழியவில்லை. வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் ஒரு வீட்டிற் கொட்டும் மனிதனுக்கு நாளையைப் பற்றிய அச்சம் உள்ளவரை, அவ்வச்சத்துக்கு மருந்து விற்பவனும் இருப்பான். வாங் சோங்கின் வினாக்களை நம் மாணவர்க்குக் கற்பிப்போம்; அவர் நின்ற இடத்துக்கு அப்பாலும் வினவக் கற்பிப்போம்.